கண்ணும் கதிரொளியும்

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. காலம் கடந்தபின் செய்யும் காரியத்தை எள்ளி நகையாடவே அதனைப் பயன்படுத்துகிறோம். ஆயினும் இன்றைய கண் மருத்துவம் கண்டுள்ள உண்மைகளை நோக்கும்போது, அப்பழமொழியைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் போலத் தோன்றுகிறது. குழந்தையின் கண் கெடாமல் இருக்கக் கதிரவன் ஒளி வேண்டும். அதுவும் கண் கெடுமுன் வேண்டும். இவ்வுண்மை மாட்டுங்கா லேபர் கேம்பிலும் அதனை அடுத்த தாராவியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று ஆசிரியர் சொல்லியனுப்பினால், வீட்டில் எழும் முதற் கேள்வி, "கண்ணாடி போடாமல் பயிற்சியாலேயே சரிசெய்ய முடியாதா?" என்பதுதான். விழியை மேலும் கீழும் உருட்டுதல், உள்ளங்கைகளைத் தேய்த்துக் கண்ணை மூடிக்கொள்ளுதல், விளக்குச் சுடரை நோக்குதல் எனப் பல முறைகள் வாய்மொழியாகப் பரவியுள்ளன. இவற்றுள் பயன் தருவன எவை, தாராதன எவை என்று அறிய வேண்டுமாயின், கண் தொழிற்படும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

கண் எவ்வாறு காண்கிறது?

பிறந்த குழந்தையின் கண் முன்பின்னாக ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் நீளமுடையது. வளர்ந்தவர் கண்ணோ ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். உடல் வளர்வதுபோலவே கண்ணும் வளர்கிறது. முன்னே உள்ள கருவிழியும் உள்ளே உள்ள விழிவில்லையும் ஒளிக்கதிர்களைக் குவித்துப் பின்னால் உள்ள விழித்திரையின்மேல் வீழ்த்துகின்றன. கண் அளவோடு வளர்ந்து நின்றால் உருவம் விழித்திரையில் தெளிவாக விழும். அளவு மீறி நீண்டுவிட்டால் கதிர்கள் திரைக்கு முன்பாகவே குவிந்துவிடும். தொலைவில் உள்ள பொருள் மங்கும். இதுவே கிட்டப் பார்வை. கண் 1 மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை, அதாவது நாம் 'பவர்' என்று வழங்கும் அளவு, ஏறிவிடுகிறது.

கண்ணுக்கு வெளியே ஆறு தசைகள் உள்ளன. அவை விழியை இடவலமாகவும் மேல்கீழாகவும் திருப்புகின்றன. கண்ணுக்கு உள்ளே ஒரு தசை உண்டு. அது விழிவில்லையின் வடிவை மாற்றி, அருகே உள்ளதைப் பார்க்க உதவுகிறது. புத்தகத்தையோ கைபேசியையோ பார்க்கும்போது இந்த உள்தசை சுருங்கி உழைக்கிறது. ஏறத்தாழ 20 அடிக்கு அப்பால் நோக்கும்போது அது ஓய்வு பெறுகிறது. இவ்விரு செய்திகளையும் மனத்திற் கொண்டால், பயிற்சிகளைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

பயிற்சியின் பயனும் எல்லையும்

அமெரிக்கக் கண் மருத்துவர் வில்லியம் பேட்ஸ் என்பார், கண்ணாடியின்றிப் பார்வையைச் சீராக்கலாம் எனக் கூறி 1920ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். வெளித்தசைகள் இறுகுவதாலேயே பார்வை கெடுகிறது என்பது அவர் கொள்கை. அவர் முறையை நம் நாட்டில் பரப்பியவர் டாக்டர் ஆர். எஸ். அகர்வால், புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்து அவர் நிறுவிய பார்வைப் பள்ளி தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டது. பேட்ஸ் வகுத்த பயிற்சிகள் களைப்பை ஆற்றக்கூடும். மனத்திற்கு அமைதி தரவும் கூடும். ஆனால் அருகும் தொலைவும் பார்க்கக் கண்ணைத் திருத்தியமைப்பது விழிவில்லையே அன்றி வெளித்தசைகள் அல்ல என்பது அறிவியல் முடிவு. நீண்டுவிட்ட கண் எவ்வளவு உருட்டினாலும் குறுகுவதில்லை. ஆறடி வளர்ந்தவனைத் தண்டால் எடுக்கச் செய்து ஐந்தரை அடியாக்க இயலுமா? அதுபோன்றதே இதுவும்.

சீன நாட்டின் பட்டறிவு இதற்கு நல்ல சான்று. 1963ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுப் பள்ளிகளில், கண்ணைச் சுற்றியுள்ள இடங்களை விரலால் அழுத்தித் தேய்க்கும் பயிற்சி நடைபெற்று வந்திருக்கிறது. கோடிக்கணக்கான சிறுவர் சிறுமியர் தலைமுறை தலைமுறையாக அதனைச் செய்தனர். ஆயினும் 2018ஆம் ஆண்டில் அந்நாட்டரசு எடுத்த கணக்கின்படி, சிறுவர்களிலும் இளைஞர்களிலும் 53.6 விழுக்காட்டினர்க்குக் கிட்டப் பார்வை இருந்தது. பயிற்சி ஒன்றே போதுமாயின் இவ்வாறு நேர்ந்திராது.

அப்படியானால் கண் பயிற்சி முற்றிலும் வீணா? அன்று. இரு கண்களும் ஒன்றுகூடி அருகில் குவிய இயலாத ஒரு குறைபாடு சில பிள்ளைகளுக்கு உண்டு. படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரியும், தலை நோகும். இதற்குப் பயிற்சியே மருத்துவம். அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பிள்ளைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2008இல் வெளியாயிற்று. மருத்துவ நிலையத்தில் முறையாகப் பயிற்சி பெற்றோரில் 73 விழுக்காட்டினர் நலமோ முன்னேற்றமோ பெற்றனர். பென்சிலை மூக்கருகே கொணரும் பயிற்சியை வீட்டில் செய்தோரில் 43 விழுக்காட்டினர்தாம் அவ்வாறு பெற்றனர். பயிற்சிபோலத் தோன்றும் போலிப் பயிற்சி செய்தோரிலேயே 35 விழுக்காட்டினர் முன்னேறினர் என்பதையும் கருதினால், பயிற்சியைத் தக்கவர் மேற்பார்வையில் செய்வதே சிறப்பு என்பது விளங்கும்.

இவையன்றி யாவரும் செய்யத்தக்க எளிய பயிற்சிகள் இரண்டுண்டு. ஒன்று, நன்றாக இமைத்தல். திரையை உற்று நோக்கும்போது நாம் இமைக்க மறந்துவிடுகிறோம்; கண் உலர்ந்து எரிகிறது. இமையை முழுவதும் மூடித் திறந்து பத்து முறை இமைத்தால் கண்ணீர் பரவி எரிச்சல் தணியும். மற்றொன்று, 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பாலுள்ள ஒரு பொருளை, 20 நொடி நோக்குதல். உள்தசைக்கு ஓய்வளிப்பதே இதன் பயன். சுடரையோ கதிரவனையோ உற்றுப் பார்ப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்தலாகாது; கதிரவனை நேரே நோக்கினால் விழித்திரை வெந்து, பார்வை மீளாமலே போகக்கூடும்.

இருபதடிக்கு எங்கே போவது?

இவ்விடத்தில்தான் லேபர் கேம்பின் நிலைமை குறுக்கிடுகிறது. பெயரே உணர்த்துவதுபோல் இஃது உழைப்பாளர் குடியிருப்பு. அருகே உள்ள தாராவி ஏறத்தாழ இரண்டரைச் சதுரக் கிலோமீட்டர் பரப்பில் இலட்சக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் இடம். தோல் பதனிடும் தொழிலை நாடி நெல்லைச் சீமையிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் இங்கே பலர். அறுபதடி ரோடு, தொண்ணூறடி ரோடு என்று அகலத்தையே பெயராகக் கொண்ட சாலைகள் இங்குண்டு. ஆனால் அச்சாலைகளிலிருந்து பிரியும் சந்துகளோ இருவர் எதிரெதிர் வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அகலமே உடையவை.

பத்தடிக்குப் பதினைந்தடி உள்ள ஒரு கோலியை எடுத்துக்கொள்வோம். மூலைக்கு மூலை அளந்தாலும் 18 அடியே வரும். இருபதடிக்கு அப்பால் நோக்குக என்று நூல்கள் கூறும் அறிவுரையை அவ்வீட்டுக் குழந்தை உள்ளிருந்தபடி ஒருநாளும் கைக்கொள்ள இயலாது. சன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தொலைவில் நிற்கிறது. கீழ்வீட்டின் மேல் மாடியும், அதன்மேல் மற்றொரு மாடியும், அதன்மேல் தார்ப்பாயும் எழுந்துவிட்ட சந்துகளில் நண்பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. கண் தொலைவையும் காண்பதில்லை, பகலொளியையும் காண்பதில்லை. இவ்விரண்டுள் எது பெரிய இழப்பு?

வெளிச்சமே மருந்து

பகலொளி இழப்பே பெரிதென்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. சீனத்தின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2015இல் வெளியாயிற்று. சில பள்ளிகளில் நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டனர்; மற்றப் பள்ளிகளில் வழக்கம்போல் விட்டுவிட்டனர். மூன்றாண்டு முடிவில், வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 39.5 விழுக்காட்டினர்க்குப் புதிதாகக் கிட்டப் பார்வை வந்தது. வெளியே சென்றோரில் அது 30.4 விழுக்காடாகக் குறைந்தது. மருந்தில்லை, கருவியில்லை, வெறும் 40 நிமிட வெளிச்சம்.

தைவான் இதனை நாடு தழுவிய திட்டமாகவே ஆக்கியது. 2010ஆம் ஆண்டு முதல் பள்ளிப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஊக்குவித்தனர். அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பார்வை குறைந்த பிள்ளைகள் 2001இல் 34.8 விழுக்காடாக இருந்து 2011இல் 50 விழுக்காடு வரை ஏறியிருந்தனர். 2015இல் அது 46.1 ஆக இறங்கியது. ஏறிக்கொண்டே போன ஒன்று முதன்முறையாகத் திரும்பியது. நம் நாட்டிலும், தில்லிப் பள்ளிகளில் 5 முதல் 15 வயதுள்ள பிள்ளைகளைச் சோதித்து 2015இல் வெளியான ஆய்வில் 13.1 விழுக்காட்டினர்க்குக் கிட்டப் பார்வை இருந்தது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வெளியே விளையாடும் பிள்ளைகளிடம் அது குறைவாகக் காணப்பட்டது.

காரணம் யாது? ஒளியின் அளவை லக்ஸ் என்னும் அலகால் அளப்பர். வீட்டுக்குள் எரியும் விளக்கு பெரும்பாலும் சில நூறு லக்ஸே தரும். வெளியே மரநிழலிற்கூடச் சில ஆயிரம் லக்ஸ் உண்டு. வெயிலிலோ அஃது இலட்சம் வரை எட்டும். மிகுந்த ஒளி படும்போது விழித்திரையில் டோபமின் என்னும் பொருள் சுரந்து, கண் அளவு மீறி நீளாதபடி தடுக்கிறது என்பது அறிஞர் கருத்து. விலங்குகளில் செய்த சோதனைகள் இதற்குத் துணை நிற்கின்றன. வெயிலில் வாட வேண்டுவதில்லை. காலை இளவெயிலும் மாலை நிழலும் போதும். முன்னமே நீண்டுவிட்ட கண்ணை வெளிச்சம் குறுக்கிவிடாது என்பதையும் மறத்தலாகாது. ஆதலால்தான் கண் கெடுமுன் வேண்டும் என்றோம்.

நேரமும் இடமும்

இனி நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. நம் பிள்ளைகளின் பகலொளியைப் பறித்தது சந்தின் சுவர்கள் மட்டுமா? பிள்ளை படித்து முன்னேற வேண்டும் என்னும் பேராவலால், பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் வீட்டுப்பாடம் என்று நாமே அடைத்துவிடுகிறோம். விளையாடும் பிள்ளையைக் கண்டால் வீணாய்ப் போகிறது என்கிறோம். கல்வியின் பொருட்டே கண்ணைக் கெடுத்து, கெட்ட கண்ணால் கல்வியையும் கெடுத்துக்கொள்வது பேதைமையன்றோ?

பெண் குழந்தைகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பத்துப் பதினொரு வயதானதும் "வெளியே என்ன ஆட்டம்?" என்று தடுத்துவிடுகிறோம். தம்பி தெருவில் கிரிக்கெட் ஆடுகிறான். அக்காள் உள்ளே பாத்திரம் துலக்குகிறாள். கண் நீளும் பருவமோ இருவர்க்கும் ஒன்றே. மகளுக்கும் ஒரு மணி நேரம் வெளியே உரியது என்பதை வீட்டிலுள்ளோர் ஏற்றுக்கொள்வது, அவள் கண்ணுக்குச் செய்யும் முதல் உதவி.

நேரம் காண்பது அரிதன்று. மும்பைப் பள்ளிகள் பலவும் இரு வேளை முறையில் நடக்கின்றன. காலைப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு மாலை நான்கு முதல் ஆறு வரை வெளியே விடலாம். டியூஷனை விளக்கு வைத்தபின் வைத்துக்கொள்ளலாம். பிற்பகல் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குக் காலை எட்டு முதல் பத்து வரை உகந்தது. பள்ளிக்கு நடந்து போதலும் வெளிச்சக் கணக்கில் சேரும். நல்ல நாளில் தாயோ பாட்டியோ அரிசி புடைப்பதையும் கீரை ஆய்வதையும் சந்து முனையில் செய்தால், குழந்தையும் உடன் இருக்கும்.

இடம்? பள்ளித் திடல், கோயில் முற்றம், அகன்ற சாலையின் ஓரம், மொட்டைமாடி உள்ள வீட்டில் சுற்றுச்சுவர் உயர்ந்திருந்தால் அம்மாடி, இவை யாவும் இடங்களே. தாராவியின் ஓரத்தில், மிட்டி ஆற்றை ஒட்டி மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. முன்னர் நகரத்துக் குப்பை மலையாகக் கிடந்த நிலம் அது. மரங்கள் நட்டு வளர்த்து 1994இல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். குப்பை மேடே காடாக மாறக்கூடுமென்றால், நம் பிள்ளைகளுக்கு ஒரு திடல் கேட்பது பேராசையாகாது. திறந்த வெளி என்பது பணக்காரர் பொழுதுபோக்கன்று. குழந்தையின் கண்ணுக்கு மருந்து. குடியிருப்பைப் பற்றிப் பேச்சு எழும் எக்கூட்டத்திலும், எத்தனை சதுர அடி வீடு என்று கேட்பவர்கள், எத்தனை சதுர அடி வானம் என்றும் கேட்க வேண்டும்.

கண்ணாடி இழுக்கன்று

இத்தனை செய்தும் கிட்டப் பார்வை வந்துவிட்டால் கண்ணாடி அணிவதே முறை. "கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்" என்பது பரவலான நம்பிக்கை. வளரும் பிள்ளைக்குப் பவர் ஏறுவது கண் வளர்வதால், கண்ணாடியால் அன்று. மலேசியாவில் 94 பிள்ளைகளிடம் ஆய்ந்து 2002இல் வெளியிட்டனர். வேண்டுமென்றே பவர் குறைத்துக் கண்ணாடி கொடுத்த பிள்ளைகளுக்கே, முழுப் பவர் கொடுத்தவர்களைவிடக் கிட்டப் பார்வை விரைந்து ஏறியது. ஏற்றம் மிகுதியாயின், அதனை மட்டுப்படுத்தச் செறிவு குறைந்த அட்ரோபின் சொட்டு மருந்து முதலியன இன்று உண்டு. கண் மருத்துவரே அதனை முடிவு செய்ய வேண்டும்.

"பெண்ணுக்குக் கண்ணாடி போட்டால் மாப்பிள்ளை கிடைப்பானா?" என்ற கவலையால், கரும்பலகை தெரியாமலே பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதும் சிறுவனை மக்கு என்கிறோம். அவனுக்கு இல்லாதது அறிவன்று, ஒரு மூக்குக்கண்ணாடி.

இன்னும் கடுமையானது சோம்பல் கண் என்னும் குறை. ஒரு கண்ணில் மட்டும் பவர் மிகுதியாக இருந்தாலோ மாறுகண் இருந்தாலோ, மூளை அக்கண்ணை ஒதுக்கிவிடுகிறது. மற்றக் கண் நன்றாக இருப்பதால் குழந்தை ஒன்றும் சொல்லாது. ஏழு வயதுக்குள் கண்டறிந்து, கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணை நாள்தோறும் சிறிது நேரம் மூடிவைத்தால் சோம்பிய கண் பெரும்பாலும் விழித்துக்கொள்ளும். காலம் தாழ்த்தினால் மீட்பது அரிது. மாறுகண்ணை 'அதிர்ஷ்டம்' என்று கொண்டாடி வாளாவிருப்பது குழந்தைக்கு இழைக்கும் தீங்காகும்.

கண்ணாமூச்சி ஆடுவதுபோல் ஒரு கண்ணைப் பொத்தி, சந்து முனையில் உள்ள பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்லுங்கள். பின்னர் மறு கண்ணைப் பொத்திக் கேளுங்கள். ஒன்றில் தெரிவது மற்றொன்றில் தெரியவில்லையாயின், அல்லது ஒரு கண்ணைப் பொத்தும்போது மட்டும் குழந்தை அழுது கையைத் தள்ளுமாயின், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். கண்மணியில் பூனைக்கண் போல் வெண்மை மின்னினால் ஒரு நாளும் தாழ்த்தலாகாது. அது விழித்திரைப் புற்றின் அறிகுறியாக இருக்கக்கூடும். குறை ஒன்றும் தெரியாவிடினும், பள்ளியிற் சேர்க்குமுன் ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையும் கண்ணைச் சோதித்தல் நன்று.

வீட்டில் கைக்கொள்ளத்தக்கவை

படிக்கும் தொலைவு: முழங்கையைப் புத்தகத்தின்மேல் ஊன்றி முட்டியைக் கன்னத்தில் வைத்தால் எவ்வளவு தொலைவோ, அவ்வளவே கண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே வேண்டும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு விளக்கு இடப்பக்கம் இருத்தல் நலம்; கை நிழல் எழுத்தின்மேல் விழாது.

கைபேசி: சோறூட்டுவதற்காகக் கைக்குழந்தையின் முன் கைபேசியை வைக்கும் வழக்கம் பெருகிவிட்டது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டா என்பதும், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்பதும் உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வகுத்த வரையறை.

உணவு: வைட்டமின் ஏ குறைந்தால் முதலில் மாலைக்கண் வரும், முற்றினால் கருவிழியே உருகிப் பார்வை போய்விடும். இதனைத் தடுக்க 1970ஆம் ஆண்டில் நடுவணரசு ஒரு திட்டம் தொடங்கியது. 9ஆம் மாதத்தில் தொடங்கி 5 வயது வரை, ஆறு மாதத்திற்கு ஒருமுறை குழந்தைக்கு வைட்டமின் ஏ மருந்து கொடுக்கப்படுகிறது. மொத்தம் 9 வேளை. அங்கன்வாடியில் கேட்டுத் தவறாது கொடுங்கள். முருங்கைக்கீரை, பாலக், பப்பாளி, கேரட், முட்டை, ஈரல் ஆகியவை நல்லன. கீரையைச் சிறிது எண்ணெய் விட்டுச் சமைத்தால் சத்து நன்கு சேரும். ஆயினும் கேரட் தின்றால் கண்ணாடி கழன்றுவிடும் என்பது வீண் நம்பிக்கை.

தூய்மை: 'மெட்ராஸ் ஐ' என்று நம் ஊரின் பெயரையே சுமந்துவிட்ட கண்ணோய் பெரும்பாலும் வைரஸால் வருவது. நோயாளியைப் பார்ப்பதால் அது தொற்றாது. அவர் தொட்ட துண்டையும் தலையணையையும் நாமும் தொட்டு, அக்கையால் கண்ணைக் கசக்குவதால் தொற்றும். ஒரே கோலியில் அறுவர் உறங்கும் வீட்டில், நோயுற்றவருக்கெனத் தனித் துண்டு ஒன்று ஒதுக்குவதே பெரிய காப்பு. தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ கண்ணில் விடுதல் கூடாது. மருந்துக் கடையில் நாமாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், நாளடைவில் கண் நீரழுத்த நோயும் கண்புரையும் வரக்கூடும். சிலவகைச் சுர்மாவில் ஈயம் கலந்திருப்பதால் குழந்தைக்கு அதனைத் தீட்டலாகாது.

காயம்: வெற்றிலை புகையிலைக்குரிய சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை அழுத்தி, அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது நம் நாட்டில் அடிக்கடி நேரும் விபத்து. சுண்ணாம்பு கருவிழியை அரித்துவிடும். ஆஸ்பத்திரிக்கு ஓடுமுன் அந்த இடத்திலேயே தண்ணீர் விட்டுக் கழுவத் தொடங்க வேண்டும். குழாயில் நீர் வரும் நேரமன்றெனில் குடத்து நீரே போதும். இமையை விரித்துப் பிடித்து அரைமணி நேரம் ஊற்றிக்கொண்டே இருங்கள். பின்னரே வண்டி தேடுங்கள். சுண்ணாம்பைப் பிள்ளை கைக்கெட்டாத பரணில் வைப்பது இதனினும் எளிது.

பெற்றோர் கண்ணும் பிள்ளை கண்ணே

குடும்பத்தின் கண்ணலம் குழந்தையோடு முடிவதன்று. நாற்பதைக் கடந்த எவர்க்கும் வெள்ளெழுத்து வருவது இயற்கை. தையல், தோல்பை, ஜரி வேலை செய்வோர் மிகுந்த இவ்விடத்தில், ஊசியில் நூல் கோக்க மகளை அழைக்கும் தாய் கூலியையும் இழக்கிறாள். அசாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. கிட்டத்தில் பார்க்க எளிய கண்ணாடி பெற்றோர், பெறாதோரைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு மிகுதியாக உற்பத்தி காட்டினர். வங்காள தேசத்தில் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், கண்ணாடி பெற்றோரின் வருமானம் மூன்றில் ஒரு பங்கு கூடியது. நீரிழிவு உள்ளவர், பார்வை தெளிவாக இருப்பினும், ஆண்டுக்கொருமுறை விழித்திரையைக் காட்டுதல் வேண்டும். விழித்திரைக் கேடு நோவின்றியே முற்றும்.

இவற்றுக்கெல்லாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. சயான் ஆஸ்பத்திரி எனப்படும் லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. அதன் கிளையாகத் தாராவியில் 'சோட்டா சயான்' உண்டு. வடாலாவில் ஆதித்ய ஜோத் கண் மருத்துவமனையை நிறுவியவரும் 2013இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான டாக்டர் எஸ். நடராஜன் தொடங்கிய அறக்கட்டளை, தாராவி மக்களிடையே கண் பரிசோதனைப் பணியாற்றியுள்ளது. பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்குவது, 1976இல் தொடங்கிய நாட்டுப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் ஒரு பகுதி. கேட்பார் இல்லாமையே பெருங்குறை.

மாணவர் கடமை

மாணவத் தோழர்களே! கேட்பதற்கும் கேட்கச் செய்வதற்கும் உரியவர்கள் நாமே. பார்வைச் சோதனைக்குரிய எழுத்துப்படம் 1862ஆம் ஆண்டில் டச்சு மருத்துவர் ஸ்னெல்லன் வகுத்தது. அதனை 20 அடி தொலைவில் மாட்டிப் படிக்கச் செய்ய வேண்டும். எழுத்தறியாக் குழந்தைக்கு நாற்புறமும் திரும்பிய கிளைகளைக் கொண்ட படம் உண்டு. கிளை எப்பக்கம் என்று விரலால் காட்டினால் போதும். ஓர் அளவு நாடா, ஒரு படம், ஒரு குறிப்பேடு, முறையறிந்த ஒருவரிடம் ஒரு நாள் பயிற்சி இருந்தால், நம் மன்றத்தார் பதின்மர் ஞாயிறு காலையில் ஒரு சந்தின் பிள்ளைகள் அனைவரையும் சோதித்துவிடலாம். நாம் மருத்துவம் செய்ய வேண்டுவதில்லை; குறையுள்ள பிள்ளையைக் கண்டு, கைபிடித்துச் சோட்டா சயான் வரை அழைத்துச் சென்றால் போதும்.

கோலிக்குள் 20 அடி கிடைக்காது என்று கண்டோம். படத்தை வெளியேதான் மாட்ட வேண்டும். பிள்ளைகளும் வெளியேதான் வர வேண்டும். வந்தவர்களைச் சோதனை முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு பந்தைக் கொடுத்து, வெயில் ஏறும்வரை ஆட விடுங்கள்.